பிரிக்காத பெட்டி

ஸ்டிக்கர் அக்காவின் வலது கைக் கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிட நீளம். தையல் வேலை செய்கிறவர்களுக்கு நீள நகம் இடைஞ்சல்தான்; நூலில் மாட்டும், மெல்லிய துணியை இழுத்துவிடும். ஆனாலும் அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டியதில்லை. கடையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் விலை ஸ்டிக்கரின் ஓரத்தை அதனால் மெல்ல நெம்புவார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் ஒளிந்திருக்கிறதா, அதில் என்ன விலை என்று பார்க்காமல் சோப்பும் வாங்க மாட்டார், சோபாவும் வாங்க மாட்டார்.

இது பிறவிக் குணம் இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு பெரிய கடையில் ஸ்டிக்கர் துப்பாக்கியும் கையுமாக வேலை பார்த்தவர். தள்ளுபடி விற்பனை வருகிறது என்றால் அதற்கு முந்தைய வாரம் எல்லாப் பொருளின் விலையும் சத்தமில்லாமல் ஒன்றுக்கு இரண்டாக ஏறும். மறுவாரம் அதன்மேல் சிவப்பில் ஒரு கோட்டைக் கிழித்து, பழைய விலையையே பாதி விலை என்று ஒட்டுவார்கள். கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வரும். அப்படி ஒரு விற்பனையில் அக்காவின் அம்மாவே வந்து ஒரு போர்வையை வாங்கி, கொள்ளை மலிவு என்று மகளிடமே காட்டிப் பூரித்துப் போனார். முதலாளி பக்கத்தில் நின்றதால் மகள் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தோடு வேலையை விட்டார். அதற்கப்புறம் வெளுத்ததெல்லாம் பால் என்று அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

இப்போது வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டைக் குட்டையாக்குவதும் ஜிப் மாற்றுவதுமாகப் பிழைப்பு நடக்கிறது. தெருக் கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே பயம். எடை மெஷினில் தட்டை வைக்கும்முன் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், ஒன்றை மட்டும் பாதி விலைக்குக் கொடு என்பார். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பதற்குள் பின்னால் நிற்பவர்களுக்கு நோயே குணமாகிவிடும். மகளுக்கு வரன் வந்தபோது பையனின் சம்பளத்தை அவன் ஆபீசுக்கே போய் விசாரித்தவர் அவர். "மாப்பிள்ளையையும் சுரண்டிப் பார்த்துத்தான் எடுத்தா" என்று அவர் கணவர் டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

அந்தக் கணவரைத் தெரு பட்டறைக்காரர் என்று கூப்பிடும். வாழ்நாள் முழுக்கத் தகரப் பட்டறையில் தண்ணீர்த் தொட்டியும் காற்றுக் குழாயும் அடித்தவர். அடிக்கும் வேலையில் வாயைத் திறக்க வழியில்லை என்பதாலோ என்னவோ, வெளியே வந்ததும் பேச்சைத் திறந்துவிடுவார். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் இரண்டாவது டீ கேட்காமலேயே வரும். அவர் பேசி முடிக்கும்வரை மற்ற யாரும் எழுந்து போக மாட்டார்கள், கடைக்காரருக்கு வியாபாரம்.

சுத்தியல் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் டிவியின் சத்தம் ஏறியது. அப்புறம் எதைச் சொன்னாலும் தலையாட்ட ஆரம்பித்தார். இப்படி ஒரு காது என் வீட்டுக்காரருக்கும் வரக் கூடாதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசினாள். அக்காவும் சிரித்தார். ஆனால் ஒரு நாள் பட்டறைக்காரர் டீக்கடைக்குப் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று அக்கா சைகையில் கேட்டார்.

"எல்லாரும் சிரிக்கறப்ப நானும் சிரிக்கிறேன், எதுக்குன்னு தெரியாம. அது அசிங்கமா இருக்கு."

அதைக் கேட்டபின் அக்காவுக்குத் தையல் ஓடவில்லை. சண்டையோ சமாதானமோ, அந்த வீட்டில் பேச்சு ஓய்ந்ததே இல்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அது போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது மெஷின் சத்தம்தான்.

காது டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "காது சத்தத்தை மட்டும்தான் வாங்கும். அதைச் சொல்லாப் பிரிக்கிறது மூளை. ரொம்ப நாளைக்குச் சத்தமே வரலைன்னா மூளை அந்த வேலையை மறந்துடும். அதனால தள்ளிப்போடாதீங்க."

நல்ல வார்த்தைதான். ஆனால் சொன்ன கையோடு ஒரு கடையின் பெயர் அச்சடித்த சீட்டையும் அவர் நீட்டினார். அக்காவின் புத்தி அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஓ, கமிஷன். சீக்கிரம் வாங்கு, இன்றே வாங்கு, நாளைக்குக் கிடைக்காது என்று எத்தனை அட்டையைத் தன் கையாலேயே தொங்கவிட்டிருப்பார்! டாக்டரம்மாவின் எச்சரிக்கையையும் அந்த அட்டைகளோடு சேர்த்துவிட்டார்.

இருந்தாலும் கடைக்குப் போனார்கள். ஏசி போட்ட கடை, நடுவில் ஒரு கண்ணாடி அறை. பரிசோதனை செய்யும் பெண் பட்டறைக்காரரை உள்ளே உட்காரவைத்து, மாதிரிக் கருவியைக் காதில் மாட்டி, தன் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். அதோடு விட்டாரா, உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, பட்டறைக்காரன் காது பொய் சொல்லாது என்று அந்தப் பெண்ணைச் சிரிக்கவும் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடுதான் விலையைக் கேட்டார். நாலு மாத வீட்டு வாடகையை முழுங்கும் விலை. மகள் பாதி தருவதாகச் சொல்லியிருந்தாள், எப்படியாவது புரட்டிவிடலாம். கடை முதலாளி, சிரித்த முகத்துக்காரர், போன மாதம்தான் இறக்குமதி வரியை ஏற்றினார்கள் என்று பெருமூச்சு விட்டார்.

"அது கவர்ன்மென்ட்டுக்குப் போறதும்மா. என் பைக்கு ஒரு காசு வராது."

பெருமூச்சு விடும் வியாபாரியை அக்கா நம்புவாரா? பெட்டியை வாங்கித் திருப்பினார். நகம் தன் வேலையைப் பார்த்தது. மேல் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்ப, அடியில் இன்னொன்று. அதில் கால்வாசி குறைவான விலை. பெட்டியின் பக்கவாட்டில் சரக்கு வந்திறங்கிய மாதம் அச்சாகியிருந்தது. அது வரி ஏறுவதற்கு ரொம்ப முன்னால். கூடுதல் வரி கட்டாத சரக்குக்குக் கூடுதல் வரி வசூல்! அக்கா அதைச் சத்தம் போடாமல் கேட்டார்.

முதலாளியின் சிரிப்பு குறையவில்லை. இதைப் பழைய விலைக்கு விற்றுவிட்டால், ஏறிய வரியைக் கட்டி அடுத்த சரக்கை எந்தப் பணத்தில் எடுப்பது என்று திருப்பிக் கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்காவும் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"சரி. நாளைக்கு வரி குறைஞ்சா, உள்ள இருக்கற பழைய சரக்கை அன்னைக்கே குறைச்சு விப்பீங்களா?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். அக்கா கண்ணாடி அறைக்குள் போய், காதில் கருவியோடு பரிசோதனைப் பெண்ணிடம் கதை அளந்துகொண்டிருந்த கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். கருவியைக் கழற்றும்போது அவர் முகம் எப்படிப் போயிற்று என்பதை அக்கா பார்க்கவில்லை. அக்காவின் கண்ணெல்லாம் அந்தப் பெட்டிமேல் இருந்தது.

நேராக நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனார். அங்கே இருந்த எழுத்தர் கேட்ட முதல் கேள்வியிலேயே வேகம் அடங்கியது. பொருளை வாங்கினீர்களா? இல்லை. பில் இருக்கிறதா? இல்லை. "அப்ப நீங்க நுகர்வோரே இல்லையேம்மா. வேடிக்கை பார்த்தவங்க புகார் குடுக்க முடியாது" என்றார் எழுத்தர்.

ஏமாந்தால்தான் நியாயம் கேட்கலாம் என்றால், ஏமாந்துவிடுவோம் என்று அக்கா முடிவு செய்தார். மறுவாரம் அதே கடைக்குப் போய், அதே பெட்டியைக் கேட்டு வாங்கி, ஏறிய விலையை முழுசாகக் கொடுத்து, பில்லில் எல்லாம் சரியாக எழுதச் சொன்னார். ஆளை மடக்கிவிட்டோம் என்று முதலாளி நினைத்தார். அக்காவும் அதையேதான் நினைத்தார்.

எழுத்தர் புகாரை வாங்கிக்கொண்டு, பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள், விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். கருவியை வெளியே எடுக்கலாமா கூடாதா என்று அவர் சொல்லவும் இல்லை, அக்கா கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை இப்படிச் சொல்லவேண்டி வந்திருக்காது.

அக்காவின் கணக்கு வேறு. பெட்டியின் வாயில் கம்பெனி முத்திரை இருக்கிறது. அதைப் பிரித்தால் கடைக்காரன் என்ன சொல்வான்? உள்ளே இருந்ததை மாற்றிவிட்டாள், ஸ்டிக்கரை இவளே ஒட்டினாள், ஒரு காலத்தில் ஸ்டிக்கர் ஒட்டிப் பிழைத்தவள்தானே என்று அத்தனை பேர் முன்னால் சொல்வான். முத்திரை முத்திரையாக இருக்கும்வரை அவன் வாயைத் திறக்க முடியாது. அதனால் கெட்டியான காடாத் துணியில் ஒரு பை வெட்டி, பெட்டியை உள்ளே வைத்து, நாலு பக்கமும் கையாலேயே தைத்து மூடினார். தன் தையல் தனக்குத் தெரியாதா? யாராவது பிரித்துத் தைத்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

பட்டறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கேஸ் முடியட்டும் என்று அக்கா துணி அளவு எழுதும் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கேஸ் என்ன, கொதிக்கிற தண்ணீரா, உடனே பொங்க? முதல் தேதியில் கடைக்காரரின் வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்த தேதியில் மன்றத்துத் தலைவருக்கு மாற்றல். அப்புறம் வாய்தா, வாய்தாவுக்குமேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அக்கா காடாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அப்படியே திரும்பி வருவார். காலத்தை இழுத்தடித்தால் களைத்துவிடுவாள் என்று திட்டம் போடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். அது சரியான சந்தேகம்தான்.

நடுவில் முதலாளியே போன் செய்து, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். எழுதிக் கொடுப்பீர்களா என்று அக்கா கேட்டார். எழுத்து எதற்கு, கையில் கொடுக்கிறேன் என்றார் அவர். பார்த்தாயா, இதில் ஒரு சூது இருக்கிறது என்று அக்கா போனை வைத்துவிட்டார். அக்கா அன்றைக்குக் கையை நீட்டியிருந்தால் அடுத்த நாளே கருவி காதில் ஏறியிருக்கும். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ஆனால் அந்த முதலாளிமேல் படுவதா, அக்காமேல் படுவதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் ஊரிலிருந்து வந்து ஒரு பாட்டம் சண்டை போட்டாள். அப்பாவிடம் போனில் பேசி ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது அவளுக்கு. "வெண்ணெயை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற, அம்மா. அந்தப் பணத்தை நான் தர்றேன், பையைப் பிரி."

"பணத்துக்காகவாடி பண்றேன்?" என்றார் அக்கா. அது உண்மை. அம்மாவின் போர்வை அவர் மனசில் இன்னும் கிடந்தது. அன்றைக்கு மூடிய வாயை இந்த வழக்கில் திறந்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் அதை மகளிடம் சொல்லத் தெரியவில்லை. உங்கள் அப்பாவை ஏமாற்றியவனைச் சும்மா விடச் சொல்கிறாயா என்று கேட்டு அவளை அழவைத்து அனுப்பினார்.

ஒரு நாள் மதியம் அலமாரியைத் திறந்தால் காடாப் பை இடம் மாறியிருந்தது. அக்கா பையை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் தையலை ஒன்றொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிரியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. கணவர் முன்னால் பையை ஆட்டிக் காட்டினார். வீட்டிலேயே திருடனா என்கிற பார்வை.

"பிரிக்கல. சும்மா எடுத்துக் கையில வச்சிருந்தேன்" என்றார் அவர்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த இடத்தில் கத்தரிக்கோலைத் தேடியிருப்பாள். அக்கா சாவியைத் தேடினார். அன்றிலிருந்து பை பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் போனது. அப்புறம் பட்டறைக்காரர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மற்ற எதைப் பற்றியும் அவ்வளவாகப் பேசவில்லை. வழக்கு நடக்கிறவரைக்கும் இப்படித்தான் இருக்கும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா தையலைத் தொடர்ந்தார்.

புகார் கொடுத்து ஒன்றரை வருஷம் கழித்து விசாரணை வந்தது. மன்றத்தின் புதிய தலைவர் ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அவர் முன்னால் அக்கா பையின் தையலை வெட்டிப் பெட்டியை எடுத்து வைத்தார். தலைவர் பெட்டியைத் திருப்பினார். மேல் ஸ்டிக்கரைப் பார்த்தார், அடி ஸ்டிக்கரைப் பார்த்தார், மாதத்தைப் பார்த்தார். வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அச்சிட்ட விலைக்குமேல் ஒட்டி விற்றது தப்பு, வரி ஏறியது அதற்குச் சாக்கு இல்லை என்று தலைவர் முடித்துவிட்டார். கூடுதல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்குமேல் நஷ்ட ஈடும் தர வேண்டும், கடையில் மிச்சம் இருக்கும் எல்லாப் பெட்டியிலும் மேல் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தலைவரின் கண்ணில் முத்திரை பட்டது.

"இது பிரிக்கவே இல்லையே. அவர் அப்ப எதைப் போட்டுக்கிட்டு இருக்கார்?"

எதுவும் இல்லை என்றார் அக்கா. சாட்சியம் கெட்டுவிடும் என்று பிரிக்கவில்லை என்று விளக்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்களுக்கு மேல இருக்கற ஸ்டிக்கரும் பில்லும் போதுமேம்மா. கருவியை எடுத்துக் காதுல மாட்டியிருக்கலாமே. யாரு வேண்டாம்னு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அக்கா எழுத்தரைப் பார்த்தார். அவர் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தெருக்காரர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள். கடைக்காரனுக்குச் சரியான பாடம் என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் பஸ்ஸைத் தவறவிட்டார்.

மறுநாளே கணவரைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனார். முதலாளி கண்ணில் படவில்லை. அதே கண்ணாடி அறை, அதே பரிசோதனைப் பெண். முத்திரையைப் பிரித்து, கருவியை அவர் காதுக்கு ஏற்பச் சரிசெய்து மாட்டினாள். பட்டறைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கேட்கிறது! அக்கா வெளியே நின்று கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார். அந்தப் பெண் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு முதல் சொல்லைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். இரண்டாவது சொல். மூன்றாவது. அவள் சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார்.

"சத்தம் எல்லாம் நல்லா வருது. பேச்சுதான் பேச்சா வரல" என்றார்.

அந்தப் பெண் வெளியே வந்து, காது ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டது, தினமும் பழக வேண்டும், கொஞ்சம் திரும்பலாம் என்றாள். எவ்வளவு என்று அக்கா கேட்டார். சொல்ல முடியாது என்றாள்.

"அன்னைக்கே மாட்டியிருந்தா?"

பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்லம்மா. வயசாகுதுல்ல. அன்னைக்கே மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் சொன்ன எதையும் நம்பாமலே காலத்தைத் தள்ளியவர் அக்கா. இந்த ஒன்றை மட்டும் நம்பிவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நம்ப முடியவில்லை. அந்தப் பெண் நல்லவள், பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, கணவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது, வாயை மறைத்துக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், அவர் சரியாகத் திருப்பிச் சொல்கிறவரைக்கும் விடாதீர்கள் என்று பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள் அந்தப் பெண். தண்ணீர் வேண்டுமா, கதவு திறந்திருக்கிறது என்றெல்லாம் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தாள். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீரும் வரவில்லை, கதவும் வரவில்லை.

"உங்களை நான் கெடுத்துட்டேங்க."

பட்டறைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பாதித் தகரத்தில் சுத்தியலை நிறுத்தி வளைவு பார்ப்பதுபோல, கண்ணை மூடி, முழுக் கவனத்தோடு கேட்டார். பிடிபடவில்லை.

"என்னமோ சொல்ற. மறுபடி சொல்லு."

அக்கா மறுபடி சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் மனைவி தன்னிடம் உட்கார்ந்து பேசுகிற சந்தோஷம் அது. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா. இந்தத் தடவை பிடிச்சிடுவேன்."

தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும் என்று தெரிந்தும், அக்கா வாயிலிருந்து கையை எடுக்காமல், இன்னும் சத்தமாக அதையே சொன்னார்.